வேதகலாபனை விசுவாசத்தை வளர்க்குமா?

சீனாவில் திருச்சபை பெருகுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மவர் சிலர் சொல்வதுண்டு: "அங்கே அடக்குகிறார்கள், அதனால் வளர்கிறது. இங்கே சுதந்திரம் இருக்கிறது, அதனால் தளர்கிறது. நமக்கும் ஒரு வேதகலாபனை வந்தால்தான் கோவில் நிரம்பும்." கேட்பதற்கு இது பக்தியான பேச்சுப் போலவே இருக்கும். ஆனால் இது உண்மையானால், கொடுங்கோலனுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்களாவோம். நம் பிள்ளைகளுக்கும் அப்படியொரு காலத்தைத் தந்தருளும் என்று ஆண்டவரிடம் மன்றாட வேண்டியும் வரும். எந்தத் தாய் அப்படி மன்றாடுவாள்?

இக்கேள்விக்கு விடை தேட முதலில் சீனாவுக்குப் போக வேண்டியதில்லை. இந்தத் தீவிலேயே நம் முன்னோர் ஏறக்குறைய 140 ஆண்டுகள் அத்தகைய ஆட்சியின் கீழ் வாழ்ந்தார்கள்.

நம் முன்னோர் கண்ட காலம்

1658ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. அத்துடன் இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்றது. புதிய ஆட்சியாளர் கத்தோலிக்க குருமாரை நாடு கடத்தினார்கள். குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளையிட்டார்கள். கோவில்கள் அவர்களுடைய சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பில் பதிவாக வேண்டும். பதிவில்லாவிட்டால் விவாகத்துக்கும் முதுசத்துக்கும் சிக்கல். முதலியார் முதலான உத்தியோகங்களை விரும்பியவன் ஆட்சியாளரின் சபையில் பெயர் கொடுக்க வேண்டும். இந்தச் சுமை கத்தோலிக்கரை மட்டுமல்ல, சைவ மக்களையும் அழுத்தியது.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. ஒல்லாந்தருக்கு முன் ஆண்ட போர்த்துக்கேயர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் 1620களில் திருகோணமலையில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். இன்று பிரெட்றிக் கோட்டை என்று நாம் அழைப்பது அந்த இடத்தையே. உண்மையான மனமாற்றத்தோடு வேதத்தில் சேர்ந்தவர்கள் பலர் அக்காலத்தில் இருந்தார்கள். 1544இல் சங்கிலி மன்னனின் வாளுக்கு இரையான மன்னார் வேதசாட்சிகளைக் காக்க எந்தப் படையும் வரவில்லை. அவர்கள் விசுவாசத்துக்காகவே உயிர் கொடுத்தார்கள். ஆனால் வாளின் நிழலிலும் சலுகையின் ஆசையிலும் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 1658இல் அடி வாங்கிய திருச்சபை, அதற்கு முன் அடித்தவர்களின் கரத்தோடு தன் கரம் கோத்து நின்ற திருச்சபையும்தான்.

அந்தக் கரம் விலகிய பின்னர் நடந்ததே நம் கவனத்துக்குரியது. இங்கேயே தங்கி ஊழியம் செய்ய ஒரு குருவும் இல்லாமல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. பழைய கணக்குப்படி பார்த்தால் ஒரு தலைமுறைக்குள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், அணையவில்லை. மாந்தைக் கத்தோலிக்கர் 1670ஆம் ஆண்டளவில் தேவதாயின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்றார்கள் என்பது மடுமாதாவின் பிள்ளைகளாகிய நாம் வழிவழியாகக் கேட்டுவரும் வரலாறு. காட்டுக்குப் போகாதவர்கள் வீட்டுக்குள் காத்தார்கள். விளக்கேற்றிய பின் கதவைச் சாத்தி, தாய் செபமாலை சொல்லிக் கொடுத்தாள். பாட்டனார் விசுவாசப் பிரமாணத்தை வாய்ப்பாடமாகப் பழக்கினார்.

1687இல் கோவையிலிருந்து... என்று அல்ல, கோவாவிலிருந்து ஒரு குருவானவர் கூலியாளின் வேடத்தில் வந்து சேர்ந்தார். அவரே நம் புனித யோசேவாஸ் அடிகளார். நோயினால் மெலிந்து, யாழ்ப்பாணத் தெருக்களில் பிச்சையெடுத்தபோது அவர் கழுத்தில் செபமாலை அணிந்திருந்தார். கத்தோலிக்கர் எவராவது அதைக் கண்டு தம்மை அடையாளம் காட்டமாட்டார்களா என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. அந்தச் செபமாலையை அடையாளம் கண்டுகொள்ளும் கண்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே இருந்தன. சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். சிறையும் கசையடியும் கிடைத்தன. அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். ஒற்றர் என்ற சந்தேகத்தில் 1692இல் அங்கேயும் சிறைப்பட்டார். பின்னர் விடுதலை பெற்று, 1697இல் பெரியம்மை கண்டியைச் சூறையாடியபோது, உறவினரும் கைவிட்ட நோயாளிகளைத் தம் கையால் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே மரித்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்ததை நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம்.

அடிகளார் ஊருக்கு ஊர் அண்ணாவிமாரையும் மூப்பர்மாரையும் ஏற்படுத்தினார். குரு வருடத்துக்கு ஒரு முறை வந்தாலும் வராவிட்டாலும் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிப்பது, சாவாபத்தில் இருப்பவருக்குத் துணை நிற்பது எல்லாம் அவர்களுடைய பொறுப்பு. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதிக் குவித்தார். தபசுகாலத்தில் நம் கோவில்களில் கண்ணீரோடு கேட்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததே. அரச பலம் இருந்த காலத்தில் வேரூன்றாத சில காரியங்கள் அரசு பகையான காலத்தில் வேரூன்றின: வீட்டுச் செபம், ஊரவரின் பொறுப்பு, தாய்மொழியில் வேதம்.

தோம்பில் இருந்தவர்கள் எங்கே?

ஒல்லாந்தரின் பதிவேடுகளில் கிறிஸ்தவர்களின் தொகை பெரிதாக இருந்தது. 1795 ஆகஸ்டில் திருகோணமலைக் கோட்டைகளும், 1796இல் கொழும்பும் ஆங்கிலேயர் வசமாயின. தோம்பில் பெயர் இருந்தால்தான் உத்தியோகம் என்ற நிலை போயிற்று. சில ஆண்டுகளுக்குள் அந்தப் பெருந்தொகை கரைந்து மறைந்தது. ஒல்லாந்தச் சபையில் உண்மையான பக்தர்களும் இருந்தார்கள் என்பதை மறுக்கக் கூடாது. வேதாகமத்தைத் தமிழில் தர உழைத்த பிலிப்பு தே மெல்லோ அத்தகையவர். ஆனால் அரசாங்கம் சேர்த்துக் கொடுத்த கூட்டம் அரசாங்கத்தோடு போயிற்று. கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகள் 1806இல் நீக்கப்பட்டபோது, கதவுக்குப் பின்னால் செபித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெளியே வந்து கோவில் கட்டினார்கள்.

நாம் மார்தட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. கத்தோலிக்க அரசு ஒன்று இதே வழியில் ஆள் சேர்த்திருந்தாலும் முடிவு இதுவாகவே இருந்திருக்கும்.

சீனம் காட்டும் கணக்கு

இப்போது சீனாவைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வல்லரசுகள் பீரங்கிக் கப்பல்களைக் காட்டிச் சீனாவோடு உடன்படிக்கைகள் செய்தன. குருமாரின் சுதந்திரமும் அந்த உடன்படிக்கைகளில் எழுதப்பட்டது. அதனாலேயே கிறிஸ்தவத்துக்கு அந்நியர் மதம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சீனரான ஆயர்கள் அறுவரைப் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1926இல்தான் உரோமையில் அபிஷேகம் செய்தார். 1949இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. வெளிநாட்டு மிஷனரிமார் வெளியேற்றப்பட்டனர். 1957இல் உரோமையின் தொடர்பற்ற தேசபக்த சங்கம் அமைக்கப்பட்டது. 1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியில் எல்லாக் கோவில்களும் மூடப்பட்டன.

1949இல் சீனக் கத்தோலிக்கர் ஏறக்குறைய 30 இலட்சம். இன்று ஒரு கோடி அளவில் என்பது பொதுவான மதிப்பீடு. மூன்று மடங்கு என்று நாம் வியக்கிறோம். ஆனால் அதே காலத்தில் சீனாவின் சனத்தொகையும் 54 கோடியிலிருந்து 140 கோடியாக, இரண்டரை மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. அப்படியானால் கத்தோலிக்கரின் வளர்ச்சியில் பெரும் பங்கு புதிதாகச் சேர்ந்தவர்களால் வந்ததல்ல. தாய் தகப்பன் தம் பிள்ளைகளிடம் விசுவாசத்தைக் கையளித்ததால் வந்தது. புரட்டஸ்தாந்து சகோதரர்கள் சில இலட்சங்களிலிருந்து பல கோடிகளாகப் பெருகினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெருக்கத்தின் பெரும் பகுதி 1980க்குப் பின்னர், பிடி சற்றுத் தளர்ந்த பிறகு வந்தது. பிடி இறுகியிருந்த காலத்தில் நடந்தது வளர்ச்சியல்ல, காத்திருப்பு.

பிடி ஒருபோதும் தளராத இடத்தின் நிலை என்ன? வட கொரியாவின் தலைநகரான பியோங்யாங் ஒருகாலத்தில் கிழக்கின் எருசலேம் என்று புகழப்பட்டது. அதன் ஆயர் 1949இல் கைதாகி மறைந்தே போனார். இன்று அங்கே நிலையாகத் தங்கியிருக்கும் குரு ஒருவரும் இல்லை. இன்னும் பழைய உதாரணம் வேண்டுமா? வேதசாட்சிகளின் குருதியை விதைக்கு ஒப்பிட்டுச் சொன்ன தெர்த்துல்லியன் ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தவர். அந்தக் கார்த்தேஜின் திருச்சபை இன்று எங்கே? குருதி விதையாகலாம். ஆனால் விதைக்கு நிலமும் வேண்டும், நீரும் வேண்டும்.

புல்மோட்டைக் கரையின் கருமணல்

நம் மறைமாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கரையிலுள்ள கருமணலை அறியாதவர் குறைவு. இல்மனைற்றும் உரூற்றைலும் சேர்ந்த கனமான மணல் அது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையை அடித்து இலேசான வெண்மணலை அள்ளிக்கொண்டு போகின்றன, கனமானது தங்கிவிடுகிறது. அலை இல்மனைற்றை உண்டாக்குவதில்லை. மலைநாட்டுப் பாறைகளில் பிறந்து, ஆறுகளின் வழியே எத்தனையோ காலமாக வந்து சேர்ந்ததை அது பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவே. மேலிருந்து எதுவும் வந்து சேராத கரையில் அலை எவ்வளவு அடித்தாலும் கருமணல் படியாது.

வேதகலாபனையும் அத்தகையதே. அது விசுவாசத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே வீடுகளில் சேர்ந்திருப்பது எவ்வளவு என்பதை வெளிக்காட்டுகிறது. ஆகவே அடக்குபவனுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அவன் செய்வது பாவம். நன்மையைக் கடவுள் தீமையிலிருந்தும் வருவிக்கிறார் என்பதனால் தீமை நன்மையாகிவிடாது. நம் நன்றிக்கு உரியவர்கள், அலை வருவதற்கு முன் அமைதியான நாட்களில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர்கள்.

வளைந்தவர்களை என்ன சொல்வது?

இங்கே கடினமான ஒரு கேள்வி எழுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் எல்லாரும் மரண தண்டனைக்குத் துணிந்து நிற்கவில்லை. பிள்ளையின் முதுசம் போய்விடக் கூடாதே என்று தோம்பில் பெயர் பதிந்துவிட்டு, இரவில் குருவானவரைத் தேடிப்போன குடும்பங்கள் பல. அவர்கள் கோழைகளா, துரோகிகளா, அல்லது நம்மைப் போன்ற பலவீனரா?

சீனாவிலும் இதே கேள்வி கண்ணீரோடு எழுந்தது. 1955 செப்டெம்பர் 8ஆம் நாள் இரவு ஷங்காய் ஆயர் இக்னேசியஸ் குங் பின்-மெய் கைது செய்யப்பட்டார். உரோமையை மறுதலிக்க மறுத்து 30 ஆண்டுகள் சிறையில் கழித்தார். அவர் சிறையிலிருந்தபோதே, 1979இல், பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் அவரை இரகசியமாகக் கர்தினாலாக நியமித்தார். அதே இரவில் கைதானவர் அலோசியஸ் ஜின் லூசியான் என்ற இயேசு சபைக் குரு. அவரும் சிறையிலும் முகாம்களிலும் நீண்ட ஆண்டுகள் துன்புற்றார். ஆனால் விடுதலைக்குப் பின் அரசு அனுமதித்த வழியில் செல்லத் துணிந்து, 1985இல் உரோமையின் அனுமதியில்லாமல் ஷங்காயில் ஆயராக அபிஷேகம் பெற்றார். குருமடம் நடத்தினார், நூல்கள் அச்சிட்டார், பிற்காலத்தில் உரோமையின் அங்கீகாரத்தையும் பெற்றார். ஒருவர் நின்றார், ஒருவர் வளைந்தார் என்று தூரத்தில் இருக்கும் நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். வளையாமல் நின்றவர் இல்லாவிட்டால் எதற்காக நிற்கிறோம் என்பது மறந்துபோயிருக்கும். வளைந்தவர் இல்லாவிட்டால் இளங்குருக்களுக்குப் பயிற்சி கொடுக்க இடமே இல்லாமல் போயிருக்கும். 2018 செப்டெம்பர் 22இல் ஆயர் நியமனம் குறித்து வத்திக்கான் சீன அரசோடு தற்காலிக உடன்படிக்கை செய்தது. அது 2020இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டு, 2024இல் மேலும் நான்கு ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. சிறைப்பட்டவர்களின் தியாகத்தை இது விலை பேசுகிறது என்று ஹொங்கொங்கின் கர்தினால் யோசேப் சென் வருந்தினார். அந்த வருத்தத்தை அலட்சியம் செய்ய முடியாது. பிளவுபட்ட பிள்ளைகளை ஒரு மேசைக்கு அழைக்கும் தாயின் அவசரத்தையும் குறைசொல்ல முடியாது.

திருச்சபை இதற்கு மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரு வழி கண்டது. தேசியஸ் பேரரசனின் கலாபனையில் பயந்து மறுதலித்தவர்கள் திரும்பி வந்தபோது, அவர்களை ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்றனர் சிலர். உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றனர் வேறு சிலர். கார்த்தேஜின் ஆயரான புனித சிப்பிரியான் இரண்டையும் ஏற்கவில்லை. நடந்தது தவறு என்று ஒப்புக்கொள்ளட்டும், தவம் செய்யட்டும், பின்பு சேர்த்துக்கொள்வோம் என்றார். அவரே பின்னர் வேதசாட்சியாக மரித்தார். நிற்கத் தெரிந்தவரே இரங்கவும் அறிந்திருந்தார். சோதனையைக் காணாதவர்களே அதிகமாகத் தீர்ப்பிடுகிறார்கள்.

நாம் பட்ட கடன்

யோசேவாஸ் அடிகளார் ஒல்லாந்தருக்குத் தப்பி ஊழியம் செய்யக் கண்டியில் இடங்கொடுத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன். அவன் பௌத்தன்; அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்துத் தன் மதத்தைப் புதுப்பித்தவன். அதற்கும் முன்னே, போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626இல் கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கத்தோலிக்க அரசு துரத்தியவர்களுக்கு இடம் கொடுத்த அதே இராச்சியம், பின்னர் துரத்தப்பட்ட கத்தோலிக்கருக்கும் இடம் கொடுத்தது. அந்த அடைக்கலம் என்றென்றும் நீடிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டியிலிருந்தும் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். ஆயினும் பட்ட கடன் கடன்தான்.

புல்மோட்டையில் நம் அயலவர் பெரும்பாலும் முஸ்லிம்கள். திருகோணமலையில் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் நம்மோடு ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள். அவர்களுடைய வணக்கத் தலத்துக்கு ஆபத்து வரும் நாளில் நாம் மௌனமாக இருந்தால், சீனக் கத்தோலிக்கருக்காக நாம் சொல்லும் செபம் ஆண்டவரின் செவியில் எப்படி ஒலிக்கும்? விசுவாச சுதந்திரம் நமக்கு மட்டுமுரிய சலுகையல்ல. மனிதனின் மனச்சாட்சியை எந்த அரசும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகப் போதித்தது.

நமக்குள்ள கேள்வி

சீனாவின் பல மாகாணங்களில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கோவிலுக்கு வருவதும் மறைக்கல்வி கற்பதும் இன்று தடுக்கப்படுகின்றன. அங்குள்ள தாய்மார் ஒளித்தாவது பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்குகிறார்கள். நம் நாட்டில் அப்படிச் சட்டமில்லை. ஆனால் ஞாயிறு காலை ரியூசன் வகுப்புக்காக மறைக்கல்வி வகுப்பையும் பூசையையும் விடும் பிள்ளைகள் எத்தனை பேர்? சீன அரசு காவலாளியை நிறுத்திச் செய்வதை, நாம் மாதக் கட்டணம் கொடுத்துச் செய்விக்கிறோம். படிப்பு வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. வாரத்தில் ஏழு நாட்கள் இருக்கின்றன என்பதை மட்டுமே நினைவூட்டுகிறோம்.

இரவில் குடும்பச் செபமாலை நடந்த வீடுகளில் இன்று தொலைபேசித் திரையின் வெளிச்சம் மட்டும் எரிகிறது. கோவில் வேலை சுவாமியாரின் வேலை என்று ஒதுங்குகிறோம். குரு ஒரு ஞாயிறு வர முடியாவிட்டால் செபம் நடத்த ஊரில் ஓர் அண்ணாவியார் எழுந்து நிற்பாரா? நம் முன்னோர் குருவில்லாமல் முப்பது ஆண்டுகள் தாங்கினார்கள். நாம் எத்தனை மாதம் தாங்குவோம்?

ஆகவே வேதகலாபனை வரட்டும் என்று எவரும் சொல்ல வேண்டாம். அது வந்தால் நம் கோவில் நிரம்பாது. நம் வீடுகளில் என்ன இருக்கிறது என்பது வெளிப்படும். சீனாவிலும் உலகின் பல இடங்களிலும் துன்புறும் சகோதரருக்காக மன்றாடுவோம். நின்றவர்களுக்காகவும் மன்றாடுவோம், வளைந்தவர்களுக்காகவும் மன்றாடுவோம். அந்த மன்றாட்டை இன்றிரவே, பிள்ளைகளை அருகில் இருத்தி, வீட்டில் ஒரு செபமாலையாகச் சொல்வோம். அதைத் தடுக்க இங்கே ஒரு சட்டமும் இல்லை.